மழை வருமென்று விரல் சொல்லுமா?

மார்கழி பிறந்து நாலாம் நாள். விடியற்காலை ஐந்து மணிக்கு வாசல் தெளித்துவிட்டுக் கோலமாவுக் கிண்ணத்தில் கையை விட்டேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்த முடியவில்லை. மாவு இழையாக இறங்காமல் கொத்துக் கொத்தாக விழுந்தது. பதினைந்து புள்ளி வைக்க நினைத்தவள் ஐந்து புள்ளியோடு முடித்துக்கொண்டு எழுந்தேன். எதிர்வீட்டு அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். "பனி இறங்குதுல்ல, அதான்" என்றார். நானும் தலையாட்டினேன்.

கும்பகோணத்தில் 31 வருடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்தவள் நான். லோயர், ஹையர் என்று எத்தனையோ பிள்ளைகள் என் முன்னால் உட்கார்ந்து 'ஏ எஸ் டி எஃப்' அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பழைய ரெமிங்டன் மெஷினில் சுண்டுவிரலால் தட்டி 'ஏ' கறுப்பாக விழவேண்டுமென்றால் விரலில் நல்ல வலு வேண்டும். அந்த விரல்களின் நுனி மூட்டுகளில் இப்போது பட்டாணி அளவுக்கு எலும்பு புடைத்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனில் வைத்தியம் பார்த்த வில்லியம் ஹெபர்டன் இந்தப் புடைப்புகளைக் கவனித்து எழுதிவைத்ததால் ஹெபர்டன் முடிச்சு என்று இதற்குப் பெயர். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் சொன்னார்: "மூட்டுத் தேய்மானம்மா. மாதவிடாய் நின்ன பிறகு பெண்களுக்கு அதிகம் வரும். டைப் அடிச்சதாலதான் வந்ததுன்னு நினைக்காதீங்க. உங்க அம்மாவுக்கும் இருந்திருக்குமே?"

இருந்தது. அம்மாவின் விரல்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி இருக்கும். "மோடம் போட்டா குடையும், நாளைக்கு மழை உண்டு" என்பாள். அவள் சொன்னால் மொட்டைமாடியில் காயும் வடகத்தை எடுத்துவிடுவோம்.

இப்படிச் சொன்னது அம்மா மட்டுமல்ல. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டஸின் பெயரில் வழங்கும் நூல்களில் ஒன்று, காற்றையும் நீரையும் இடத்தையும் நோயோடு சேர்த்துப் பேசுகிறது. எழுதி ஏறக்குறைய 2,400 வருடமாகிறது. நம் சித்த மருத்துவத்திலும் வாதம் கிளம்புகிற காலம் கார்காலம். இத்தனை ஊரில், இத்தனை காலமாக நோயாளிகள் சொல்வதை வெறும் பிரமை என்று தள்ள எனக்கு மனம் வராது. ஆனால் ஒரு விஷயத்தைப் பல பேர் சொல்வதற்கும் அது எந்த அளவுக்கு உண்மை என்பதற்கும் நடுவில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன்.

யோசனை மருமகளுடையது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "அத்தை, வலிச்ச நாள்ல மழை பெஞ்சா ஞாபகம் இருக்கும். வலிச்சும் மழை பெய்யாத நாள் ஞாபகம் இருக்காது. எழுதி வைங்க" என்றாள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். காலையில் விரல் மடங்க எத்தனை நிமிடமானது, ராத்திரி படுக்கும்போது வலி பத்துக்கு எத்தனை, அன்றைக்குக் கை என்ன வேலை செய்தது என்று மூன்று கட்டம். வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் பேரன் தன் போனில் பார்த்துத் தனி நோட்டில் எழுதினான். "அப்பாயி, கடைசி வரைக்கும் காட்ட மாட்டேன்" என்று அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டான். ஜன்னல் வழியே தெரிகிற மழையை மறைக்க முடியாது. காற்றழுத்தத்தையாவது பார்க்காமல் இருந்தேன். புரட்டாசியில் தொடங்கித் தை முடிய, இரண்டு வருடம் இப்படி எழுதினோம்.

இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

குளிர்ந்த, ஈரமான காலைகளில் விரல் விறைப்பு கூடியிருந்தது. மற்ற நாட்களில் பத்து நிமிடத்தில் மடங்குகிற விரல், அந்தக் காலைகளில் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டது. அம்மா சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருந்தது. ஆனால் ராத்திரி வலிக்கு நான் ஏழும் அதற்கு மேலும் போட்டிருந்த நாட்கள் பதினொன்று. அதில் எட்டு நாளில் மூன்றாம் கட்டத்தைப் பார்த்தால் போதும், வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. தீபாவளிக்கு முறுக்கு பிழிந்த நாள். இரண்டு நாள் காயாத துணியை மறுபடி அலசி முறுக்கிப் பிழிந்த நாள். ஐந்து தேங்காய் துருவிய நாள். பொங்கலுக்கு முன்னால் பரண் பாத்திரத்தையெல்லாம் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்த நாள். காற்றழுத்தத்துக்கும் என் வலிக்கும் ஒரு சம்பந்தமும் கண்ணில் படவில்லை.

டெல்டாவில் மழையும் கைவேலையும் ஒன்றாகத்தான் வருகின்றன. வடகிழக்குப் பருவமழை பிடிக்கிற ஐப்பசியில் தீபாவளிப் பலகாரம். துணி காயாத கார்த்திகையில் பிழிகிற வேலை இரட்டிப்பு. பனி கொட்டுகிற மார்கழியில் வாசலடைத்த கோலம். மாவைச் சிட்டிகையாகப் பிடிப்பது சின்ன வேலை மாதிரித் தெரியும். விரல் நுனியில் ஒரு கிலோ அழுத்தம் கொடுத்தால் கட்டைவிரலின் அடி மூட்டில் ஏறக்குறைய 12 கிலோ விழுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த மூட்டுதான் பெண்களுக்குச் சீக்கிரம் தேய்கிற மூட்டு. ஒரு மணி நேரம் குனிந்து கோலம் போட்டுவிட்டுப் பனி மேல் பழி போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரு வீட்டு நோட்டை வைத்து ஊருக்குத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆராய்ச்சியாளர்கள் என்ன கண்டார்கள் என்று பேரன் தேடிப் படித்துச் சொன்னான். அங்கேயும் ஒரே குரல் இல்லை.

1960களின் தொடக்கத்தில் ஃபிலடெல்ஃபியாவில் ஜோசப் ஹாலண்டர் என்ற மருத்துவர், ஈரப்பதத்தையும் காற்றழுத்தத்தையும் வேண்டியபடி மாற்றக்கூடிய ஓர் அறையைக் கட்டி, மூட்டுவாத நோயாளிகளை அதற்குள் தங்கவைத்துப் பார்த்தார். ஈரப்பதம் ஏறி, அதே நேரத்தில் அழுத்தமும் இறங்கும்போதுதான் பலருக்கு மூட்டு தொந்தரவு கொடுத்தது. அதற்கு நேர்மாறாக 1996இல் ரெடல்மையர், ட்வெர்ஸ்கி என்ற இருவர், 18 நோயாளிகளை 15 மாதம் கவனித்து, வலிக்கும் வானிலைக்கும் தொடர்பே கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். மனித மனம் தொடர்பில்லாத இரண்டை முடிச்சுப் போடுவதில் வல்லது என்பது அவர்கள் வாதம். என் மருமகள் சொன்னதும் அதுதான். 2017இல் அமெரிக்காவில் முதியோர் காப்பீட்டில் பதிவான ஒரு கோடியே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டாக்டர் வருகைகளை மழைக் கணக்கோடு ஒப்பிட்டார்கள். மழை நாளிலும் மழையில்லாத நாளிலும் மூட்டு வலி, முதுகு வலி என்று சொன்னவர்களின் விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இந்தக் கணக்கை நான் முழுதாக ஏற்கமாட்டேன். டாக்டரைப் பார்க்கிற தேதி முன்பே குறித்தது. மழை நாளில் வலித்தவர் வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார். அது எந்தப் பதிவேட்டில் வரும்?

எனக்கு நம்பிக்கை தந்தது மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வில் டிக்ஸனும் அவர் குழுவும் செய்த ஆய்வு. 2019இல் வெளிவந்தது. பிரிட்டன் முழுவதும் 2,658 பேர், மாதக்கணக்கில், போன் செயலியில் அன்றன்று வலியைப் பதிந்தார்கள். அவர்கள் இருந்த இடத்தின் வானிலையோடு அது தானாகச் சேர்ந்தது. நானும் பேரனும் இரண்டு நோட்டில் செய்ததைப் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். ஈரப்பதம் கூடினால், காற்று பலமாக அடித்தால், அழுத்தம் குறைந்தால் வலி கூடுகிற வாய்ப்பு ஏறியது. மூன்றில் ஈரப்பதத்துக்கே முதலிடம். மனநிலை, நடமாட்டம் இவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அது மறையவில்லை. ஆனால் எவ்வளவு ஏறியது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. சாதாரண நாளில் நூற்றில் ஐந்து வாய்ப்பு என்றால், மோசமான ஈரக்காற்று நாளில் அது ஆறு ஆகும். அவ்வளவுதான்.

குளிரில் விரல் ஏன் முதலில் விறைக்கிறது என்பதற்கு விளக்கம் இருக்கிறது. விரலுக்குள் தசை கிடையாது. விரலை அசைக்கும் தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்க, விரலில் ஓடுவது நரம்பும் நாணும் எலும்பும்தான். சூடு உண்டாக்கத் தசை இல்லாத இடம் சீக்கிரம் ஆறிவிடும். உடம்பின் நடுச்சூட்டைக் காப்பாற்ற விரலின் ரத்தக்குழாய்களும் சுருங்கிக்கொள்கின்றன. மூட்டுக்குள் எண்ணெய் போட்டதுபோல் இருக்கிற திரவம் குளிர்ந்தால் கெட்டிப்படும். மார்கழியில் பாட்டிலுக்குள் தேங்காயெண்ணெய் உறைவதைப் பார்த்திருப்பீர்கள். மூட்டுத் திரவம் அப்படி உறைந்துபோகாது. கொஞ்சம் மந்தமாகும். தேய்ந்த மூட்டுக்கு அந்தக் கொஞ்சமே போதும்.

காற்றழுத்தம் பற்றிச் சொல்கிற விளக்கம், வெளியே அழுத்தம் குறைந்தால் மூட்டைச் சுற்றியுள்ள திசு சற்று விரிந்து வலிக்கும் என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊருக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சராசரியாக 1,013 மில்லிபார். பிரிட்டன் பக்கம் ஒரு தாழ்வழுத்தம் கடந்துபோனால் அது இருபது முப்பது மில்லிபார் இறங்கி ஏறும். வெப்பமண்டலத்தில் புயல் சின்னம் இல்லாத நாட்களில் அவ்வளவு ஆட்டம் கிடையாது. இன்னொன்று, நம் பக்கத்தில் காற்றழுத்தம் தினமும் காலை பத்து மணி சுமாருக்கு உச்சம் தொட்டு, மாலை நாலு மணி சுமாருக்கு மூன்று நான்கு மில்லிபார் இறங்குகிறது. மேகமே இல்லாத சித்திரையிலும் இது நடக்கும். அதற்காக நாலு மணிக்கு ஊரெல்லாம் விரல் குடைவதில்லை. ஃபுளோரிடாவில், நம்மைப்போல் வெயில் காய்கிற ஊரில், தேய்மானக்காரர்களைப் பார்த்த ஓர் ஆய்வில் பெண்களின் கைவலி கூடியது அழுத்தம் ஏறிய நாட்களில். எல்லோரும் சொல்வதற்கு நேர் எதிர்.

அழுத்தம் குறைந்ததாலேயே விரல் வலிக்காது என்பதை நான் என் கையிலேயே பார்த்தேன். என் தங்கச்சி வாழ்க்கைப்பட்ட ஊர் கோத்தகிரி, ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். கும்பகோணத்திலிருந்து அங்கே போய்ச் சேரும்போது காற்றழுத்தம் 200 மில்லிபாருக்குப் பக்கமாகக் குறைந்திருக்கும். எந்தப் புயலும் அவ்வளவு குறைக்காது. மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி, வளைவு வளைவாகச் சுற்றி, மத்தியானம் இறங்கியபோது காது அடைத்திருந்ததே தவிர விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை குழாய்த் தண்ணீரில் முகம் கழுவியபோதுதான் பத்து விரலும் கட்டையாயின. தங்கச்சி கொடுத்த டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் இளகிவிட்டது. என் விரலுக்கு ஆகாதது ஈரக்குளிர்.

மழைக்கும் மூட்டு வலிக்கும் வேறு ஒரு வழியில் நேரடிச் சம்பந்தம் உண்டு, அது கொசு வழி. 2006இல் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா பரவியதை மறந்திருக்க மாட்டீர்கள். தேங்கிய நல்ல தண்ணீரில் வளரும் ஏடிஸ் கொசு கடித்து, காய்ச்சல் சில நாளில் விட்டபிறகும், மணிக்கட்டும் விரலும் மாதக்கணக்கில் வீங்கிக் கிடந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். தான்சானியாவில் 1952இல் முதலில் அடையாளம் கண்ட இந்த நோய்க்கு, உடம்பு வளைந்து போவதைக் குறிக்கும் அந்த ஊர் மக்களின் மகோண்டே மொழிச் சொல்லே பெயரானது.

இனி என் தங்கச்சி கதையைச் சொல்ல வேண்டும். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

கோத்தகிரிக் குளிர் அவளுக்குப் பழகிப்போனது. ஒரு தை மாதம் போனில் சொன்னாள்: "அக்கா, காலைல ஜாக்கெட் ஊக்கு போட முடியல. கை மடங்க பத்து மணி ஆவுது." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மலைக்குளிருக்கு அப்படித்தான் இருக்கும். நீலகிரித் தைலம் தேய், வெந்நீர்ல கையை வை." அவள் மாமியாரும் அதையே சொன்னார். பக்கத்தில் அவள் காட்டிய டாக்டரும் வலி மாத்திரை கொடுத்து, பனிக்காலம் போனால் சரியாகிவிடும் என்றாராம். பனிக்காலம் போயிற்று, இன்னொரு பனிக்காலமும் வந்து போயிற்று.

இரண்டாம் வருடம் சித்திரையில் ஒரு கல்யாணத்துக்குக் கும்பகோணம் வந்தாள். தெருவில் தார் இளகுகிற வெயில். விடியற்காலையில் எழுந்து காப்பி டம்ளரைக் கொடுத்தேன். இரண்டு உள்ளங்கையாலும் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டாள். இரண்டு கையிலும் விரல் புறப்படுகிற முட்டிகள் வீங்கி, தொட்டால் மெத்தென்று சூடாக இருந்தன. என் முடிச்சு நுனி விரலில், கல் மாதிரி இருக்கும். இவளுடையது வேறு. பத்து மணி ஆகியும் கை மூடவில்லை. வியர்த்துக் கொட்டுகிற கும்பகோணத்தில் எந்தப் பனி இறங்கியது?

அந்த வாரமே தஞ்சாவூரில் மூட்டுவாத நிபுணரிடம் கூட்டிப்போனேன். ரத்தப் பரிசோதனை செய்தார்கள். ருமட்டாய்டு மூட்டுவாதம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிற நோய். தேய்மானத்துக்கும் இதற்கும் பெயரில்தான் ஒற்றுமை. வாரம் ஒருமுறை சாப்பிடுகிற மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை தொடங்கினார்கள். சில மாதத்தில் வீக்கம் வடிந்தது, விறைப்பு குறைந்தது, மேற்கொண்டு மூட்டு கெடாமல் நின்றது. ஆனால் அதற்குள் நான்கு விரல்களும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டிருந்தன. சாய்ந்தது சாய்ந்ததுதான். இந்த நோயில் தொடக்கத்துச் சில மாதங்களில் மருந்து ஆரம்பித்தால் மூட்டைப் பெருமளவு காப்பாற்றலாம். அவளுடைய அந்த மாதங்களைக் குளிர் மேல் பழி போட்டு வீணாக்கினோம். அதில் என் வாய் வார்த்தைக்கும் பங்கு உண்டு. நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது.

என் கைக்கு நான் செய்கிறதையும் சொல்லிவிடுகிறேன். கோலம் போடும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் கையை வைத்து, விரல்களை மெதுவாக மூடித் திறக்கிறேன். சர்க்கரை வியாதியால் கை மரத்தவர்கள் சூட்டை வேறொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், தெரியாமலே வெந்துவிடும். துணியைக் கையால் முறுக்காமல் குழாயில் சுற்றிப் பிழிகிறேன். கத்திப் பிடியில் துணி சுற்றிப் பருமனாக்கியாயிற்று. முறுக்கை இப்போது மகன் பிழிகிறான். வலி கூடிய நாளில் டாக்டர் எழுதிக்கொடுத்த ஜெல்லைத் தடவி, கட்டைவிரலுக்குப் பட்டை போட்டுக்கொள்கிறேன். மருந்துக் கடையில் தானாக வாங்கி வலி மாத்திரை போடுவதை நிறுத்தி மூன்று வருடமாகிறது, சிறுநீரகத்துக்கு அது நல்லதில்லை.

ஐப்பசி பிறக்கப்போகிறது. மழை பிடித்ததும் வீட்டுக்கு வீடு யாராவது விரலைத் தேய்த்துக்கொண்டு உட்காருவார்கள். அவர்கள் வலியை நம்புங்கள். தைலமும் வெந்நீரும் கொடுங்கள். ஆனால் விரல் முட்டிகள் இரண்டு கையிலும் ஒன்றுபோல் வீங்கியிருந்தால், காலை விறைப்பு அரை மணி நேரம் தாண்டி நீடித்தால், அது ஆறு வாரமாகத் தொடர்ந்தால், மூட்டுவாத நிபுணரிடம் கூட்டிப்போங்கள். மழை விடட்டும், பனி போகட்டும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.